சூராவ் நிலத்துக்கு நோட்டீஸ் வந்தால்

அத்தா மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் இருந்த சூராவுக்கு, அதாவது சின்னத் தொழுகைக்கூடத்துக்குப், பதினெட்டு வருடம் நான் கணக்கு எழுதினேன். ‘துரை கொடுத்த இடம்’ என்றே எல்லாரும் சொல்வோம். தோட்டம் கைமாறி, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த அன்றுதான் தெரிந்தது, கிரானில், அதாவது நிலப் பட்டாவில், வக்ஃபு (இறைவழியில் நிரந்தரமாக விட்ட அறச்சொத்து) என்ற சொல்லே இல்லை. துரை சம்பளத்துக்கு வந்த நிர்வாகி. நிலத்துச் சொந்தக்காரர் செய்தால்தான் அது வக்ஃபு. ஐம்பது வருடம் தொழுதோம் என்பதும் உதவாது. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் அனுபவ உரிமை கிடையாது.

அதனால் மனு எழுத உட்காரும் முன்னால் லாட் நம்பரையும் முக்கிம் (உள்வட்டாரம்) பெயரையும் எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போங்கள். பணம் கட்டி ‘சாரியான் ரஸ்மி’, அதாவது நிலப் பதிவின் அதிகாரபூர்வத் தேடல், கேளுங்கள். உரிமையாளர், நிபந்தனை, அடமானம், கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) எல்லாம் அதில் வரும். கிரானே இல்லையென்றால், அதே நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின் கீழ் பொதுத் தேவைக்கு ஒதுக்கிய நிலமா என்று விசாரித்து, கெஜட் எண்ணை வாங்குங்கள்.

சரி, அடுத்தது மாநில இஸ்லாமிய மன்றம். பேராக்காரர்களுக்கு அது ஈப்போவில். வக்ஃபு சொத்துக்கெல்லாம் சட்டப்படி மன்றமே ஒரே முத்தவல்லி (பொறுப்பாளர்). கமிட்டி பராமரிக்கலாம், உரிமை கோர முடியாது. இது தெரியாமல் நாங்கள் ஊராட்சிக்கு அனுப்பிய மூன்று கடிதத்துக்கும் பதிலே வரவில்லை. வக்ஃபு அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு; வேறு மாநிலமான சிலாங்கூரில் நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

தோட்டத்தை வீடமைப்புக்கு மாற்ற விண்ணப்பம் போகும் நேரம்தான் முக்கியம். லேஅவுட் பிளானுக்கு ஊராட்சி அனுமதி கொடுப்பதற்கு முன்பே, சூராவையும் அடக்கத்தலமான மையவாடியையும் தனி லாட்டாகப் பிரித்து ஒதுக்கச் சொல்லி, மன்றத்தின் கடிதத்தோடு கேளுங்கள். அனுமதி வந்த பிறகு பெரும்பாலும் கெஞ்சல்தான் மிஞ்சும்.

அரசே நிலத்தை எடுத்தால் 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பொருந்தும். இழப்பீட்டை ஆட்சேபிக்க ‘பாரம் என்’ இருக்கிறது. நில நிர்வாகி இழப்பீட்டைத் தீர்மானித்தபோது விசாரணையில் இருந்தவருக்கு, அந்தத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரம்தான் தவணை. பதிவான வக்ஃபு நிலமானால் மன்றத்தை அன்றைக்கே உசுப்புங்கள்.

பழைய மின்கட்டண ரசீது, சந்தா நோட்டு, படங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நிலம் அதனால் நம்முடையதாகாது. ஆனால் மையவாடி அங்கே இருந்ததை யாரும் மறுக்க முடியாது. நன்னாவின் (தாத்தாவின்) மீசான் கல்லில், அதாவது கபுர்க் கல்லில், 1961 என்று செதுக்கியிருக்கிறது. அதையும் படமெடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.