பதிவுக்கு முன் புகார் எண்: பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனத்தைப் பதில் சொல்ல வைக்கும் வழி

எக்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் பதிவு நிறுவனத்தின் காதில் விழும். ஆனால் அவர்களைக் கணக்குச் சொல்ல வைப்பது அரசுப் பதிவேட்டில் ஏறிய புகார்தான். 2024 அக்டோபரில் பெங்களூரு நிறுவனமான ஓலா எலெக்ட்ரிக்கின் ஸ்கூட்டர் சர்வீஸைப் பற்றி நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவும் நிறுவனத் தலைவர் பவிஷ் அகர்வாலும் எக்ஸில் மோதிக்கொண்டது நாடெங்கும் பேச்சானது. அதே வாரத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அந்த நோட்டீஸ் கையில் எடுத்தது, முந்தைய ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பதிவாகியிருந்த 10,000-க்கும் மேற்பட்ட புகார்களை. நிறுவனமும் அந்தப் புகார்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது: 99.1 சதவீதம் தீர்த்துவிட்டோம் என்றது. ட்வீட் மட்டும் போட்டு ஓய்ந்தவர்களின் குறை அந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் ஆதாரம், அடுத்து புகார் எண், அதற்குப் பிறகே பதிவு.

ஆதாரம்

விவேக்நகரில் ஒரு வீட்டுக்கு ஆன்லைனில் வாங்கிய கிரைண்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைப் பிரிக்கும் முன்பே வீடியோவை ஓடவிடுங்கள். இடையில் நிறுத்தக் கூடாது; நிறுத்தி எடுத்தால் ‘நடுவில் பொருளை மாற்றிவிட்டீர்கள்’ என்று தள்ளுவார்கள். முதலில் பெட்டியின் ஆறு பக்கமும், பிறகு ஆர்டர் எண் படிக்கிற நெருக்கத்தில் லேபிள், பிறகு டேப்பை வெட்டுவது, கடைசியில் பொருள். டிரம், உருளைக் கல், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் மூன்றும் தெரிய வேண்டும். கல்லில் இருக்கும் மயிரிழை விரிசல் நேராக ஃபிளாஷ் அடித்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் விரிசலின் நிழல் கோடாக விழும்.

எடுத்த வீடியோவின் மூலக் கோப்பை அப்படியே போனில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த தேதி விவரமும் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். வழக்கு வரை போனால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர வேண்டும். அதில் எந்தக் கருவியில் எடுத்தது என்றும் குறிப்பிட வேண்டும். ஆகவே விவகாரம் முடியும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். செயலிக்குள் நடக்கும் சாட் பல நேரம் மூடியவுடன் மறைந்துவிடும், ஒவ்வொரு திரைக்கும் ஸ்கிரீன்ஷாட் வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் விடும் பொருளுக்கு ஜாப் கார்டு (பொருளையும் குறையையும் எழுதித் தரும் ரசீது) வாங்காமல் நகராதீர்கள். ‘ஜெனரல் செக்-அப்’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாமல், ‘ஓடும்போது மோட்டார் நிற்கிறது’ என்று நீங்கள் சொன்ன குறையையே எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் ‘விசிட் பண்ணதுக்கு ஓடிபி சொல்லுங்க சார்’ என்பார். அது பெரும்பாலும் புகாரை முடித்துவைக்கும் ஓடிபி. வேலை முடியாமல் சொல்லிவிட்டால் ‘தீர்ந்தது’ என்று உங்கள் பெயரிலேயே பதிவாகிவிடும்; பிறகு எத்தனை பதிவு போட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள்.

இரண்டு புகார் எண்கள்

ஒன்று, நிறுவனத்திடமிருந்து. 2020 மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சாட்பாட்டோடு மல்லுக்கட்டும் நேரத்தில் தளத்தின் அடிப்பகுதியில் அந்த முகவரியைத் தேடி ஒரு மெயில் அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: வாங்கிய தேதி, தொகை, குறை, கேட்பது.

இரண்டு, 1915. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் மத்திய அரசின் உமாங் செயலியிலும் பதியலாம். இது நீதிமன்றம் இல்லை, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கும் இடம். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டாலும் உங்கள் குறை எண்ணிக்கையில் ஏறியிருக்கும்.

பதிவு

இப்போது எழுதலாம். ஒரு மாதிரி:

‘12.06.2025 அன்று வாங்கிய 2 லிட்டர் கிரைண்டர் உருளைக் கல்லில் விரிசலோடு வந்தது. ஆர்டர் கடைசி 4 எண் 7731. 13.06-ல் குறைதீர் அதிகாரிக்கு மெயில், பதில் இல்லை. 1915-ல் புகார் பதிவு செய்தாயிற்று. கேட்பது: மாற்றுப் பொருள் அல்லது ரூ.5,490 ரீஃபண்ட், 7 நாளுக்குள்.’

எக்ஸின் 280 எழுத்துக்குள் இது மட்டுமட்டாக அடங்கும், ஏனென்றால் தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனி எழுத்தாகக் கணக்காகும். நிறுவனத்தின் கணக்குப் பெயரைப் பதிவின் தொடக்கத்தில் போடாதீர்கள். அப்படிப் போட்டால் பதில் பதிவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, உங்களைப் பின்தொடர்பவர்களில் பலருக்குத் தெரியாமல் போகும். படம் நான்கு போதும்: பில், லேபிள், குறை, மெயில். முகவரி, போன் எண், முழு ஆர்டர் எண், பார்கோடு நான்கையும் மறைத்துவிடுங்கள். நிறுவனத்துக்கான பதிவு ஆங்கிலத்தில் இருந்தால் சமூக ஊடகக் குழு சீக்கிரம் கையில் எடுக்கும். அதன் கீழே தமிழிலும் கன்னடத்திலும் போட்டால் அதே பொருளை வாங்கிய அக்கம்பக்கத்தார் வந்து சேருவார்கள். இரண்டுமே தேவை.

டெலிவரி கொடுத்தவரின் முகத்தையோ எண்ணையோ ஒருபோதும் போடக் கூடாது. நிறுவனம் அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டு ‘நடவடிக்கை எடுத்தோம்’ என்று விலகிக்கொள்ளும். உங்கள் குறை அப்படியே இருக்கும்.

‘திருட்டுக் கம்பெனி’ போன்ற சொற்களும் வேண்டாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மைக்கு அதே பிரிவில் விலக்கும் உண்டு. தேதியும் ஆவணமும் உள்ள வாக்கியம் உங்களைக் காக்கும், வசைச்சொல் காக்காது. இதைவிட ஆபத்தானது ‘ஒரு லட்சம் தராவிட்டால் பதிவு போடுவேன்’ என்று எழுதுவது. அதை மிரட்டிப் பணம் பறிப்பதாக உங்கள் மேலேயே திருப்பிவிட முடியும். பதிவையும் பணத்தையும் ஒரே வாக்கியத்தில் பேரம் பேசாதீர்கள்.

போட்ட சில நிமிடத்தில்

முதலில் வரும் பதில் பெரும்பாலும் போலி. நிறுவனத்தின் லோகோ வைத்த கணக்கு, ஒரு மொபைல் எண், ‘எங்கள் சீனியரை அழையுங்கள்’. அழைத்தால் திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்வார்கள், வங்கிக் கணக்கு காலியாகும். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இணைப்புக் கொடுக்கப்பட்ட கணக்கிடம் மட்டும் பேசுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

உண்மையான கணக்கு டிஎம்முக்கு (தனிச் செய்திக்கு) கூப்பிடும். போகலாம், ஆனால் அங்கே சொன்ன உறுதியை, ‘ஜூலை 2-க்குள் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்’ என்று பொதுப் பதிவின் கீழும் மெயிலிலும் எழுதிவிடுங்கள். ரீஃபண்டுக்குப் பதில் கூப்பன் நீட்டினால் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவை நீக்கினால்தான் பணம் என்றால், நீக்குவதைவிட ‘இன்ன தேதியில் ரீஃபண்ட் வந்தது’ என்று கீழே சேர்ப்பதே நியாயம். அடுத்து வாங்குபவருக்கு இரண்டும் தெரியட்டும்.

பலரும் சேர்ந்தால்

பொருளே தவறு என்றால் ஒரு ரீஃபண்டோடு விடக் கூடாது. 2023 ஏப்ரலில் சமூக ஊடகத்தில் உணவுப் பொருட்களைப் பற்றிப் பேசும் ரேவந்த் ஹிமத்சிங்கா போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவைப் பற்றி வீடியோ போட்டார். வக்கீல் நோட்டீஸ் வந்ததும் நீக்கினார். ஆனால் குழந்தை உரிமை ஆணையம் நிறுவனத்திடம் கேள்வி கேட்டது, அந்த ஆண்டு முடிவதற்குள் சேர்க்கப்படும் சர்க்கரை குறைக்கப்பட்டது, 2024 ஏப்ரலில் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து எடுக்கும்படி மின்வணிகத் தளங்களுக்கு மத்திய அரசு சொன்னது. யார் வேண்டுமானாலும் டப்பாவைத் திருப்பிச் சரிபார்க்க முடிந்ததுதான் அந்த வீடியோவின் பலம்.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கோபத்தைக் கொட்டுவதற்குப் பதில் ஒரு ஷீட்டைத் திறவுங்கள்: பெயர், வாங்கிய தேதி, பேட்ச் எண், குறை, 1915 புகார் எண். புகார் எண் கட்டம் காலியாக இருப்பவர்களை விடாமல் துரத்துங்கள். சேர்ந்து வழக்குப் போடும்போது ஒரு சிக்கல் உண்டு. பெங்களூரில் பிரிகேட் என்ற கட்டுமான நிறுவனம் கட்டிய 1,134 வீடுகள் கொண்ட வளாகத்தில் 91 பேர் எல்லோர் சார்பாகவும் வழக்குப் போட்டபோது, அனைவருக்கும் ஒரே நலன் என்பதை அவர்கள் காட்டவில்லை என்றது 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம். அதே சமயம், 91 பேரின் கூட்டுப் புகாராக நடத்த அனுமதித்தது. எனவே கையெழுத்துப் போடுகிறவர்களுக்காக மட்டும் கூட்டுப் புகார் கொடுப்பது எளிய வழி.

ஆணையம்

இதற்கும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்கு, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸை மெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை வையுங்கள். பிறகு நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் புகார். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே தொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. தீர்ப்புக்குச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, நடைமுறையில் கூடுதலாகவே இழுக்கும். உத்தரவு வந்தும் நிறுவனம் பணம் தராவிட்டால் நிறைவேற்று மனு போடுங்கள்; நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறையோ 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ உண்டு. உத்தரவு வந்ததும் உங்கள் முகவரியை மறைத்துவிட்டு அதன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பழைய பதிவின் கீழே போடுங்கள். அதே பொருளோடு அவதிப்படுகிறவர் தன் புகாரில் அதை எடுத்துக்காட்டலாம்.