கிளஸ்டர் ரிசோர்ஸ் ஏஜென்ட்டை ஷெல்லிலிருந்து பைத்தானுக்கு மாற்றுவது எப்படி?

பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டரில் சேவைகளை நிர்வகிக்கும் பேஸ்மேக்கர், எந்தச் சேவையையும் தானே இயக்குவதில்லை. ஒவ்வொரு சேவைக்கும் உரிய சிறு நிரலான ரிசோர்ஸ் ஏஜென்ட்டை ஸ்டார்ட், ஸ்டாப், மானிட்டர் போன்ற சொற்களோடு அழைத்து, அது முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோடை நம்பியே அடுத்த முடிவை எடுக்கிறது. 0 வெற்றி, 1 பொதுப்பிழை, 7 சேவை ஓடவில்லை. சாதாரண ஷெல் ஸ்கிரிப்டிலோ நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்த வரி ஓடிவிடும். கடைசிக் கட்டளையின் கோடே வெளியே போகும். பைத்தானுக்கு மாறச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதற்படியாக, எல்லா ஏஜென்ட்டுகளுக்கும் பொதுவான ஓர் அடிப்படைக் கிளாஸை எழுதுங்கள். அருவக் கிளாஸ்களுக்கான பைத்தானின் ஏபிசி மாட்யூலின் துணையோடு அந்த மூன்று மெத்தட்களையும் கட்டாயமானவை என அறிவித்துவிட்டால், ஒன்றை எழுத மறந்த கிளாஸிலிருந்து ஆப்ஜெக்ட்டே உருவாகாது. டைப்எரர் வந்து தவறு உடனே தெரிந்துவிடும். ஏஜென்ட்டுக்கான அளவுருக்கள் 'ஓசிஎஃப்_ரெஸ்கீ_' (ஓசிஎஃப் என்பது இத்தகைய ஏஜென்ட்டுகளுக்கான தரநிலை) என்று தொடங்கும் சூழல் மாறிகளாக வரும். அவற்றைக் கன்ஸ்ட்ரக்டரில் படிக்கலாம், ஆனால் அங்கே சரிபார்க்கக் கூடாது. ஏஜென்ட் தன்னைப் பற்றிய விவரம் தரும் மெட்டா-டேட்டா அழைப்பில் அவை இருக்காது.

அடுத்தது மானிட்டர், இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சேவையின் பிராசஸ் எண்ணை வைத்திருக்கும் பிஐடி கோப்பிலிருந்து அந்த எண்ணை எடுத்து, ஓஎஸ் மாட்யூலின் கில் ஃபங்ஷனுக்கு 0 என்ற சிக்னலோடு கொடுங்கள். அது எதையும் நிறுத்தாது. அப்படியொரு பிராசஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பிராசஸ்லுக்அப்எரர் வந்தால் 7 தருக. பெர்மிஷன்எரர் வந்தால் பிராசஸ் இருக்கிறது, அதைத் தொட உங்களுக்கு உரிமைதான் இல்லை. கோப்பே இல்லையென்றாலும் 7தான். பழைய எண் வேறொரு நிரலுக்குப் போயிருக்கக்கூடும் என்பதால், ப்ராக் அடைவில் அந்த எண்ணின் கீழுள்ள, பிராசஸைத் தொடங்கிய கட்டளையைக் காட்டும் சிஎம்ட்லைன் கோப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்டாப் மெத்தட் முதலில் மானிட்டரை அழைக்கட்டும். 7 வந்தால் வேலை ஏற்கெனவே முடிந்தது, 0 தருக. ஓடிக்கொண்டிருந்தால் முடித்துக்கொள்ளச் சொல்லும் டெர்ம் சிக்னல் அனுப்பி, பிராசஸ் மறையும்வரை காத்திருந்து, டைம்அவுட் நெருங்கினால் கட்டாயமாக நிறுத்தும் கில் சிக்னல் அனுப்புங்கள். பைத்தானில் பிடிபடாத எக்ஸெப்ஷன் 1 என்ற கோடோடு முடியும்; அது ஸ்டாப்பில் நேர்ந்தால், ஃபென்சிங் (கோளாறான கணினியைத் துண்டிக்கும் ஏற்பாடு) உள்ள கிளஸ்டரில் அந்த நோடே, அதாவது அந்தக் கணினியே, வெளியேற்றப்படும். அதற்கு அஞ்சி எல்லா எக்ஸெப்ஷனையும் விழுங்கி 0 தருவது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் நிற்காத சேவை நின்றதாகக் கருதப்பட்டு இன்னொரு நோடிலும் தொடங்கி, தரவைச் சிதைத்துவிடலாம்.

ஸ்டார்ட் எளிது: ஏற்கெனவே ஓடினால் 0; இல்லையேல் தொடங்கிவிட்டு, மானிட்டர் 0 தரும்வரை காத்திருக்கவும்.

முடிந்ததும் கோப்புக்கு இயங்கும் அனுமதி கொடுத்து, ஓசிஎஃப் ஏஜென்ட்டுகள் இருக்கும் ரிசோர்ஸ்.டி அடைவில் உங்களுக்கென ஒரு தனி அடைவில் வையுங்கள். பழைய ஸ்கிரிப்ட் தன் இடத்திலேயே இருக்கட்டும். கிளஸ்டரில் சேர்க்குமுன், ஏஜென்ட்டைச் சோதிக்கும் ஓசிஎஃப்-டெஸ்டரை ஓட்டுங்கள். பிறகு, எந்தப் பிராசஸுக்கும் இல்லாத ஓர் எண்ணைப் பிஐடி கோப்பில் கையால் எழுதிவைத்து ஸ்டாப்பை அழைத்து, 0 வருகிறதா என்று பாருங்கள்.