விளக்கு எரிந்தும் ஓடு மெலிந்தது: வீட்டு நில ஆமை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டு இங்கே பிரிட்டனில், தை மாதக் குளிரில் என் அக்கா மகள், மத்தியதரைக் கடல் பகுதி நில ஆமை இனமான தன் ஹெர்மன் ஆமையை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டு வந்தாள். இரண்டு வயதுக் குட்டி. கையில் எடுத்து ஓட்டின் பின்பகுதியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். ஈரத்தில் ஊறிய அட்டையைப் போல அது உள்வாங்கியது. தரையில் விட்டபோது பின்கால்களை ஊன்றி உடலைத் தூக்க முடியாமல், வயிறு இழுபட நகர்ந்தது.

அவள் அலட்சியமாக வளர்த்தவள் அல்லள். வெப்ப விளக்கு, புற ஊதா டியூப், கால்சியம் தூள், வெப்பமானி என்று கடையில் சொன்ன அத்தனையையும் வாங்கியிருந்தாள். ஆனால் டியூப் ஒரு கண்ணாடி மூடிக்கு மேலே இருந்தது. வெப்ப விளக்கு தொட்டியின் எதிர்மூலையில் இருந்தது. உணவாக நாள்தோறும் பசலைக்கீரை போய்க்கொண்டிருந்தது. கருவிகள் எல்லாம் இருந்தும் அந்தக் குட்டியின் எலும்புக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. வெப்பம், ஒளி, உணவு ஆகிய மூன்றையும் தனித்தனி வேலைகளாகப் பார்ப்பதே நில ஆமை வளர்ப்பவர்கள் செய்யும் முதற்பெரும் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். உணவிலிருக்கும் கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3 தோலில் உருவாகப் புற ஊதா ஒளி வேண்டும். ஒளியால் உண்டான முன்பொருள் டி3 ஆக மாறவும், தின்றது செரிக்கவும் உடலில் சூடு வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

விளக்கு வாங்குவதற்கு முன்பே நேரும் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் அது முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையிலும் 2019இல் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவுக்கு உயர்த்தப்பட்டது. ‘ராசிக்காக’ என்று யாராவது கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நான் இங்கே எழுதுவது பிரிட்டனில் பண்ணைகளில் பிறந்து விற்பனைக்கு வரும் ஹெர்மன் ஆமையைப் பற்றி. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து இவற்றைப் பிடித்து வந்து விற்பது 1984இல் தடை செய்யப்பட்டது. இன்று முறையான சான்றிதழ் இல்லாமல் ஹெர்மன் ஆமையை இங்கே விற்பதும் குற்றம். சான்றிதழ் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

இனி வெப்பம். குட்டி நடுங்கிவிடுமோ என்ற அக்கறையில் பலர் இருப்பிடம் முழுவதையும் ஒரே சூட்டில் வைத்துவிடுகிறார்கள். ஆமை தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிர் அன்று. வெயிலுக்குப் போயும் நிழலுக்குத் திரும்பியும் அதைச் சரிசெய்து கொள்வது. ஆகவே அதற்கு வேண்டியது சூடு மட்டுமன்று, சூட்டைத் தேர்ந்துகொள்ளும் உரிமை. விளக்கின் கீழே வெயில் காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், எதிர்முனையில் 20 முதல் 22 டிகிரி, இரவில் அதற்கும் குறைவு என்று அமைத்தால் போதும். நலமான ஆமைக்கு இரவில் 15 டிகிரி வரை இறங்குவதால் கேடில்லை. சூடேற்றப்பட்ட பெரும்பாலான வீடுகளில் இரவுக்கென்று தனி ஹீட்டரே தேவைப்படாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரில் வாழ்ந்த இயற்கையாளர் கில்பர்ட் வைட், தம் அத்தை வீட்டில் வளர்ந்து 1780இல் தம்மிடம் வந்த டிமத்தி என்ற ஆமையைப் பற்றி எழுதிய குறிப்பு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இலையுதிர் காலத்தில் வெயில் மெலியும்போது, அது தோட்டச் சுவரில் ஓட்டைச் சாய்த்து, சரிந்து விழும் கதிர்களை நேராக வாங்கிக்கொள்ளுமாம். இத்தனை நுட்பமாக வெயிலைத் தேடத் தெரிந்த உயிரை, எங்கே நின்றாலும் ஒரே சூடு என்ற பெட்டிக்குள் அடைப்பது அதன் அறிவையே முடக்குவதாகும்.

அடியில் விரிக்கும் ஹீட் மேட்டையும், சூடேறும் செயற்கைக் கற்களையும் நான் முற்றிலும் மறுக்கிறேன். இயற்கையில் சூடு மேலிருந்து வருகிறது. மண்ணுக்குள் குளிர்ச்சி இருக்கிறது. சூடு தாங்காத ஆமை மண்ணைத் தோண்டி உள்ளே போகும். அடியில் மேட் இருந்தால் அது தோண்டத் தோண்ட நெருப்பை நோக்கிப் போகிறது. வயிற்றோடு வெந்துபோன பிறகுதான் நமக்குத் தெரிகிறது. இரவில் சிவப்பு பல்பு போடுவதும் தவறு. அந்த நிறம் ஆமைக்குத் தெரியாது என்பது வெறும் நம்பிக்கை. அது தூக்கத்தைக் கெடுக்கும். அறை உண்மையிலேயே மிகவும் குளிர்ந்தால், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மேலே தொங்கவிடலாம்.

விளக்கு விழும் வட்டத்தின் அகலத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒடுங்கிய ஸ்பாட் பல்பைத் தாழ்வாகக் கட்டினால், ஓட்டின் உச்சி சுடும். கால்களும் குடலும் குளிர்ந்தே இருக்கும். உள்ளே சூடேறவில்லை என்பதால் ஆமை விளக்கின் கீழேயே கிடக்கும், உச்சி மேலும் மேலும் காய்ந்துகொண்டே போகும். ஒளிவட்டம் ஆமையின் உடல் முழுவதையும் மூடும் அளவுக்குப் பரந்திருக்க வேண்டும். வளர்ந்த ஆமைக்கு அகலக் கதிர் வீசும் இரண்டு பல்புகளை அருகருகே, சற்று உயரத்தில் வைப்பது நல்லது. சரியாக அமைந்துவிட்டதா என்பதை ஆமையே காட்டிவிடும். காலையில் விளக்கு எரிந்த சில நிமிடங்களில் அது வந்து, கழுத்தை முழுக்க நீட்டி, நான்கு கால்களையும் துணி காயப்போட்டதுபோல் பரப்பிக் கிடக்கும்; அரை மணி, முக்கால் மணியில் எழுந்து மேயப் போகும். நாள் முழுதும் விளக்கடியை விட்டு நகராத ஆமைக்குச் சூடு பற்றவில்லை. விளக்கின் பக்கமே வராத ஆமைக்குச் சூடு மிகுதி. ஆயினும் கண்ணால் மட்டும் கணிக்காமல், ஓட்டின் உயரத்தில் நுனியை வைத்து அளக்கும் டிஜிட்டல் வெப்பமானியால் சரிபார்க்க வேண்டும். சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானி, ஆமை நிற்காத இடத்தின் சூட்டைத்தான் சொல்லும்.

ஒளியைப் பற்றிய தவறுகள் இவற்றினும் கொடியவை, ஏனெனில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. வைட்டமின் டி3 உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ளது. சாதாரணக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். சன்னல் ஓரத்தில் வெயில் விழுகிறதே என்று தொட்டியை அங்கே வைப்பவர்கள், ஆமைக்குச் சூட்டை மட்டும் தருகிறார்கள். அடைத்த கண்ணாடித் தொட்டி என்றால் அந்தச் சூடே உயிருக்கு ஆபத்தாகிவிடும். டியூபுக்கும் ஆமைக்கும் இடையே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கவே கூடாது. கம்பிவலை இருந்தாலும் ஒளியின் கணிசமான பங்கு குறையும் என்பதால் டியூபை வலைக்கு உட்புறம் மாட்டுவதே சரி.

சுருள் வடிவச் சிறிய பல்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் ஒளி மிகச் சிறிய பரப்பில்தான் விழுகிறது. பக்கவாட்டில் மாட்டினால், மேலிருந்து வரும் வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோல் அமைந்திருக்கும் ஆமையின் புருவ மேடு பயன்படாமல் போய், கதிர் நேரே கண்ணில் பட்டு இமை வீங்கிவிடும். டி5 எனப்படும் மெல்லிய, நீண்ட டியூபை, ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பும் ரிஃப்ளெக்டரோடு மேலிருந்து, வெப்ப விளக்கை ஒட்டியே மாட்ட வேண்டும். சூடும் புற ஊதாவும் ஒரே இடத்தில் விழுந்தால்தான், வெயில் காயும் நேரத்திலேயே இரண்டும் ஒருசேர உடலில் ஏறும். டியூபின் நீளம் இருப்பிடத்தின் பாதி அளவு இருந்தால் மறுபாதியில் நிழல் கிடைக்கும். ஓட்டுக்கும் டியூபுக்கும் இடையிலான தூரம் அதன் வலிமையைப் பொறுத்தது. தயாரிப்பாளர் தரும் அளவைப் பின்பற்றுங்கள். புற ஊதாவை அளக்கும் சோலார்மீட்டர் 6.5 போன்ற கருவி கிடைத்தால், வெயில் காயும் இடத்தில் புற ஊதாக் குறியீடு 3 முதல் 4 வரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 12 மணி நேரம், டைமரின் கட்டுப்பாட்டில் எரியட்டும்.

டியூப் எரிகிற வரை வேலை செய்கிறது என்று நினைப்பதும் பரவலான பிழை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் நீடித்தாலும் புற ஊதா தேய்ந்துகொண்டே போகும். மாட்டிய தேதியை டியூபின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கோடையில் வெயிலான நாள்களில், நிழலும் தண்ணீரும் உள்ள பாதுகாப்பான வேலிக்குள் ஆமையைப் புல்லில் விடுவதற்கு இணையான விளக்கு இதுவரை வரவில்லை.

உணவில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு பிழை உண்டு. கீரை நமக்கு நல்லது, ஆகவே ஆமைக்கும் நல்லது என்று நம்பி நாள்தோறும் பசலை, முளைக்கீரை, தண்டுக்கீரை என்று போடுகிறோம். இவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலுக்குச் சேரவிடாமல் செய்கிறது. எப்போதாவது ஓர் இலை விழுந்தால் கெடுதியில்லை. அதுவே அன்றாட உணவானால், தூவிய கால்சியமும் கழிவோடு போகும். தக்காளி, வெள்ளரி, வெளிறிய லெட்யூஸ் ஆகியவற்றில் தண்ணீர்தான் மிகுதி. வாழைப்பழமும் ஆப்பிளும் கொடுத்தால் ஆமை ஓடி வந்து தின்னும். ஆனால் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் செரிக்கும் அதன் குடலில் பழச் சர்க்கரை சேர்ந்தால் வயிற்றுப்போக்கும் ஒட்டுண்ணிப் பெருக்கமும் வரும். பயறு, பருப்பு, சோறு, ரொட்டி, நாய் உணவு எதுவுமே வேண்டாம்.

ஹெர்மன் ஆமைக்குப் பிறவி உணவு களைச்செடிகள்தாம். டான்டிலயன் இலையும் பூவும், இசப்கோல் இனத்தைச் சேர்ந்த பிளான்டெயின் களை, சவ் திசில், மேலோ, கொஞ்சம் குளோவர் என்று இங்கே வேலியோரம் முளைப்பதெல்லாம் நார் மிகுந்து, புரதம் குறைந்து, பாஸ்பரஸைப் போல் இரு மடங்கும் அதற்கு மேலும் கால்சியம் கொண்டவை. செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலையும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளியும் மிகச் சிறந்தவை. சாலையோரத்திலும் மருந்தடித்த புல்வெளியிலும் பறிக்கக் கூடாது. பெயர் உறுதியாகத் தெரியாத செடியைப் போடவே கூடாது, ஏனெனில் நம் தோட்டங்களில் சாதாரணமாகப் பூக்கும் டாஃபடிலும் ஃபாக்ஸ்குளோவும் நஞ்சு. இலைகளைப் பொடியாக நறுக்காதீர்கள். முழு இலையை ஒரு ஸ்லேட் கல்லின் மேல் வைத்தால், ஆமை முன்காலால் அதை மிதித்துப் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, ‘சரக்’கென்று கிழித்துத் தின்னும், அந்த உழைப்பில்தான் அதன் அலகு தேய்ந்து அளவாக நிற்கிறது. கால்சியம் கார்பனேட் தூளை லேசாகத் தூவலாம். ஒரு துண்டு கணவாய் ஓட்டை, நாம் கடல்நுரை என்போமே அதை, எப்போதும் போட்டு வைத்தால் வேண்டும்போது தானே கடித்துக்கொள்ளும். புற ஊதா ஒளி சரியாக இருக்கும்போது டி3 கலந்த தூளை அள்ளித் தூவுவது ஆபத்து: தோலில் உருவாகும் டி3யின் அளவை உடல் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், வாய்வழி போவதை அவ்வாறு கட்டுப்படுத்த இயலாது.

ஓடு கூம்பு கூம்பாக மேடிடுவதற்குப் புரதம்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைக் குட்டிகளை வைத்துச் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதக் குறைவே அதற்குப் பெரிய காரணம் என்று காட்டியது. மேலிருந்து விளக்கு நாளெல்லாம் காய்ச்சும்போது குட்டியின் ஓடு வறண்டுபோகிறது. எனவே மரச்சீவலையும் வெறும் மணலையும் விட்டு, தோட்ட மண்ணோடு மணல் கலந்து, குட்டி முழுதாகப் புதையும் ஆழத்துக்கு நிரப்பி, அடிமண் எப்போதும் ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குட்டியை நாள்தோறும், வளர்ந்ததை வாரம் சில முறை, தாடை மட்டத்துக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். அது குடிப்பதும் கழிப்பதும் அங்கேதான்.

குளிர்காலத்தில் விளக்கை அரைகுறையாக எரியவிடுவதுதான் மிகவும் அஞ்ச வேண்டியது. 10 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் இடையில் ஆமை தூங்கவும் மாட்டாது, செரிக்கவும் மாட்டாது. தின்றது குடலில் கெட்டுப்போகும், உடலின் சேமிப்பும் கரையும். ஒன்று, கோடையைப் போலவே முழு வெப்பமும் முழு ஒளியும் தர வேண்டும். அல்லது கால்நடை மருத்துவர் பரிசோதித்து நலமாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, சில வாரங்கள் உணவை நிறுத்திக் குடலை வெறுமையாக்கி, 5 டிகிரியை ஒட்டி மாறாத குளிரில் உறங்கவிட வேண்டும். உறைநிலைக்குக் கீழே போனால் கண்பார்வையே போய்விடும். எடை குறைந்த ஆமையையும் நோயுற்ற ஆமையையும் உறங்க வைக்கவே கூடாது.

அக்கா மகளின் ஆமையை அந்தக் குளிர்காலம் நாங்கள் உறங்க வைக்கவில்லை. ஊர்வன மருத்துவத்தில் பழகிய மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் கால்சியம் சிகிச்சை தொடங்கினார். கண்ணாடி மூடி போயிற்று, டியூபும் விளக்கும் ஒரே மூலைக்கு வந்தன, பசலைக்கு மாறாகச் சன்னல் தொட்டியில் டான்டிலயன் விதைத்தோம். ஆடி பிறப்பதற்குள் ஓடு கெட்டிப்பட்டு, நான்கு கால்களில் உடலைத் தூக்கி நடக்கத் தொடங்கியது. பின்பகுதியில் விழுந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது இனி நிமிராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.