இசை ஆசிரியர் மாநாடு நடத்தப் போகிறீர்களா? நாங்கள் சறுக்கிய இடங்கள்

முதல் நாள் காலை, இரண்டாவது அமர்வு. முப்பது வருஷமாகப் பாட்டு வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை, ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) சுருதி வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மாயாமாளவகௌளை ராகத்தை எப்படிக் காதில் பதிய வைப்பது என்று பாடிக்காட்டிக்கொண்டிருந்தார். ஒரு மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு அமர்வு. அங்கே ஒன்றரைக் கட்டை. ஐந்து கட்டை சட்ஜத்துக்கு, அதாவது அடிப்படை ஸ்வரமான 'ஸ'வுக்கு, ஒன்றரைக் கட்டை சட்ஜம் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: நேராகப் பிரதி மத்யமத்தில், அதாவது உயர்ந்த 'ம'வில். ஆசிரியை பிடிக்க வேண்டியதோ அதற்கு ஒரு படி கீழே இருக்கும் சுத்த மத்யமம். நாலு தடவை முயன்றுவிட்டு, "சுருதி நிக்கவே மாட்டேங்குது, மன்னிச்சுக்கோங்க" என்று நிறுத்திவிட்டார். பிசகு அவருடையதல்ல. அறை ஒதுக்கியவன் நான்.

மண்டபம் பார்க்கப் போகும்போது எல்லோரும் நாற்காலியை எண்ணுவார்கள். சாப்பாட்டுக் கூடம், பார்க்கிங், ஜெனரேட்டர் கேட்பார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். செய்திருக்க வேண்டியது வேறு. ஓர் அறையில் ஒருவரைப் பாட வைத்துவிட்டு, பக்கத்து அறையில் போய் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். கையைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். டைல்ஸ் தரையும் உயரமான கூரையும் உள்ள கல்யாண மண்டபத்தில் ஒரு தட்டு மூன்று தட்டாகத் திரும்பி வரும். அங்கே ஜதி (தாளச் சொற்கட்டு) சொன்னால் ஒரு சொல்லின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்ளும். தரை முழுக்க ஜமுக்காளம், சுவரோரம் கனமான திரை என்று போட்டால் ஓரளவு அடங்கும். நாதசுரம், தவில் அமர்வுகளை வேறு கட்டடத்துக்கோ வெளிப் பந்தலுக்கோ கொண்டுபோய்விடுங்கள். அது முடியாதென்றால் அந்த நேரத்தில் வேறு எந்த அமர்வும் வைக்காதீர்கள். வீணைக்கும் தவிலுக்கும் நடுவில் ஒரு கதவுதான் என்றால், வீணைக்காரர் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மைக்செட்காரரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். எங்களுக்கு வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குப் பழக்கமெல்லாம் பொதுக்கூட்டமும் வரவேற்பு மேடையும். கேட்காமலே எக்கோவைத் திருகி வைத்துவிட்டார். ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகத்தை இழை இழையாகப் பிரித்துக் காட்டும் இடத்தில் எக்கோ இருந்தால் எல்லாம் கூழாகிவிடும். மேடைக்கு நேர்மேலே ஓடும் மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லுங்கள். அதன் காற்று மைக்கில் விழுந்து இரையும். ஏசி என்றால் மிருதங்கக்காரரை அரைமணி முன்னதாகவே உள்ளே உட்கார வைத்துவிடுங்கள். வெளிவெயிலில் சேர்த்த சுருதி உள்ளே வந்ததும் மாறிவிடும்.

அடுத்த சறுக்கல் தேதி. கச்சேரி சீசனான மார்கழி கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாமல் போனது முகூர்த்த நாள். வைகாசியில் ஒரு சனி, ஞாயிறு என்று முடிவு செய்தோம். நாதசுர, தவில் ஆசிரியர்களில் பாதிப் பேர் வரவில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு நாள். ஒரு கல்யாணத்தை விட்டுவிட்டு நம் மேடைக்கு வா என்று எந்த முகத்தோடு கேட்பது? ஆடியில் கல்யாணம் இல்லையே என்று தாவிவிடாதீர்கள், அம்மன் கோயில் திருவிழாக்கள் இருக்கின்றன. நவராத்திரியிலும் கச்சேரி, கோயில் என்று ஆள் சிக்காது. உள்ளூர்க் கலைஞர் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத் தேதி குறிப்பதுதான் வழி. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆன் டியூட்டி அனுமதிக் கடிதம் வேண்டும். அதைக் கடைசி வாரத்தில் அனுப்பினால் அவர்கள் சொந்த விடுப்பில்தான் வர வேண்டியிருக்கும்.

தொடக்க விழாவை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. நாற்பத்தைந்து நிமிடம் என்று அச்சிட்டிருந்த முதல் அமர்வு இருபது நிமிடமாகச் சுருங்கியது. பொன்னாடை போர்த்தத்தான் வேண்டும் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பத்து நிமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பசி யாரையும் நீளப் பேசவிடாது.

இதைவிடப் பெரிய தவறு, அமர்வுகளைக் கச்சேரியாக்கியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த அகில இந்திய இசை மாநாட்டின் தொடர்ச்சியாகத்தான் 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்றைக்கும் அங்கே டிசம்பரில் காலையில் லெக்டெம் (பாடிக்காட்டி விளக்கும் உரை), மாலையில் கச்சேரி என்று தனித்தனியாகத்தான் நடக்கிறது. நாங்கள் அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டோம். பேச அழைத்த வித்வான் ஆலாபனையில் இறங்கினார், கேட்டவர்கள் தலையாட்டினார்கள், நேரம் போனது. கேள்வி கேட்க எழுந்தவரிடம் "டீ ஆறுது, அப்புறம் கேட்டுக்கலாம்" என்று சொன்னதும் நான்தான்.

வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது என்ன என்பது ராத்திரி சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது. பதின்மூன்று வயசுப் பையனுக்குக் குரல் உடைகிறது. அவனை நிறுத்தச் சொல்வதா, சுருதியை இறக்கிப் பாட வைப்பதா? ஒரே வகுப்பில் ஆணும் பெண்ணுமாக முப்பது பிள்ளைகள். எந்தக் கட்டையில் வைத்தாலும் பாதிப் பேருக்கு எட்டாது, என்ன செய்வது? தாளம் போட்டால் பாட்டு நின்றுவிடும் குழந்தைக்கு முதலில் எதைத் தருவது? குரல் உடையும் பையன்களுக்குக் கொஞ்ச நாள் மத்யஸ்தாயியில் (குரலின் நடு மட்டத்தில்) நாலைந்து ஸ்வரங்களுக்குள் மெதுவாகப் பாட வைத்து, மிச்ச நேரத்தில் தாளமும் ஸ்வரம் எழுதுவதும் சொல்லித்தருவதாக ஒருவர் சொன்னார். உடனே இலையைக்கூட மறந்து பத்துப் பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். இந்தப் பேச்சுக்கு நிகழ்ச்சி நிரலில் நாங்கள் ஒதுக்கிய நேரம் பூஜ்யம். பதிவுப் படிவத்திலேயே "வகுப்பில் உங்களைத் திணறடிப்பது எது?" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதித் தலைப்புகள் அதிலிருந்தே கிடைத்திருக்கும்.

ஸ்வரக் குறிப்புத் தாளில் ஒரு வேடிக்கை. தாரஸ்தாயிக்கு, அதாவது மேல் மட்டத்துக்கு, ஸ்வரத்தின் தலையில் புள்ளி வைப்போம். தமிழெழுத்தில் அது மெய்யெழுத்தின் புள்ளி மாதிரியே இருக்கும். அச்சகத்துத் தட்டச்சர் எழுத்துப்பிழை என்று நினைத்து, பாதிப் புள்ளிகளை அக்கறையாக நீக்கிவிட்டார். மேல் சட்ஜமெல்லாம் கீழே இறங்கிவிட்டது. வேர்டு கோப்பாகக் கொடுக்காதீர்கள். பிடிஎஃப் ஆக்கி, நீங்களே ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஜூம் வைத்தோம். அதில் இரைச்சலை அடக்கும் வசதி தானாகவே இயங்கும். தம்புரா மாதிரி விடாமல் ஒலிப்பதை அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். கனடாவிலிருந்து கேட்டவர்களுக்குச் சுருதியே போய்ச் சேரவில்லை. ஒரிஜினல் சவுண்டு என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். ஆனால் இங்கே பாடி அங்கே தாளம் போடுவது என்பதை மட்டும் முயலாதீர்கள். ஒலி போய்ச் சேரும் தாமதத்தில் அது ஒருக்காலும் சேராது.

தரையில் உட்காருவதுதான் மரபு என்று நாற்காலியைக் குறைத்துவிட்டோம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. மதியத்துக்குள் பக்கத்து டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் கடன் வாங்கி வந்தோம். தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான்: வெயில் காலமாயிற்றே என்று ஐஸ் போட்ட கேன்கள் ஆறு இறக்கியிருந்தோம். பாடுகிறவர்கள் எல்லோரும் வெந்நீர் கேட்டுச் சமையற்கட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். ஆறில் நாலு கேன் திறக்காமலே திரும்பிப் போனது.