ஹட்டன் மழையில் மேக்கப் பிரஷ் கழுவுவது

கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போட்டுவிட்டு வந்தால் அன்றைக்கே பிரஷ்களைக் கழுவிவிடுவேன். சொந்தப் பாவனைக்கு என்றால் வாரத்துக்கு ஒருக்கா போதும்.

வெதுவெதுப்பான தண்ணி, உள்ளங்கையில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு. முடியை அதில் வட்டமாகத் தேய்த்தால் பவுண்டேஷன் பால் தேத்தண்ணி நிறத்தில் இறங்கும். நுரை வெள்ளையாகும் வரை விடாதீங்க. முடியையும் பிடியையும் சேர்க்கிற தகரக் கழுத்துக்குள் மட்டும் தண்ணி போகக்கூடாது, உள்ளே இருக்கிற பசை விட்டுவிடும்.

காய வைப்பதுதான் இங்கே பெரும்பாடு. ஒருமுறை ஆடி மழையில், கப்பில் நிமிர்த்தி வைத்தேன். மூன்றாம் நாள் ஒரே பூஞ்சண வாடை. நல்ல பவுடர் பிரஷ், முடி கொத்தாகக் கையோடு வந்தது. இப்போது துவாயில் ஒற்றி, நுனியை விரலால் கூட்டி, றப்பர் பேண்ட் போட்டுக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். அவசரத்துக்கு அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீங்க, நைலோன் முடி சுருண்டுவிடும்.