துப்பறியும் ஜோடிகள்: எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது

கொலை நடக்கும், ஆனால் ராத்திரி தூக்கம் கெடாது. காதல் இருக்கும், ஆனால் கைக்குட்டை தேவைப்படாது. தமிழில் அப்படிப்பட்ட வாசிப்பு வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் துப்பறியும் ஜோடிகள்தான். கணேஷ்–வசந்த், பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜெயந்தி, விவேக்–ரூபலா என்று பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். எதை முதலில் எடுப்பது, எந்த வரிசையில் போவது, பழைய பிரதி வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து, அது அந்த ஜோடியின் சுமாரான கதையாக அமைந்து, ‘இவ்வளவுதானா’ என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

முதல் விதி: எழுத்தாளரைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள், ஜோடியைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். ஒரே எழுத்தாளர் ஜோடி இல்லாத கதைகளும் ஏராளமாக எழுதியிருப்பார், அவற்றின் ருசி வேறு. சுபா (சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்கள்) எழுதியதில் ஈகிள்ஸ் ஐ துப்பறியும் நிறுவனத்து நரேந்திரன்–வைஜெயந்தி ஒரு வரிசை, செல்வா–முருகேசன் இன்னொரு வரிசை. கடைக்காரரிடம் ‘சுபா நாவல் இருக்கா’ என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். பின்னட்டைக் குறிப்பைப் படியுங்கள். அது போதாவிட்டால் முதல் மூன்று அத்தியாயங்களைப் புரட்டி ஜோடியின் பெயர் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது அத்தியாயத்தில்தான் அவர்கள் நுழைவார்கள். முதல் அத்தியாயம் பிணத்துக்கு ஒதுக்கப்பட்டது.

எந்த ஜோடி உங்களுக்கு? சிரிப்பும் சீண்டலும்தான் பிரதானம் என்றால் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா. மூன்லைட் ஏஜென்சீஸ் நடத்தும் இவர்களின் வாய்ச்சண்டைக்காகவே வாங்கிப் படித்தவர்கள் உண்டு. சுசீலாவின் டி-ஷர்ட்டில் இருக்கும் வாசகம் கிட்டத்தட்ட ஒரு தனிக் கதாபாத்திரம். சில வாசகங்கள் இன்றைக்குப் படித்தால் நெளிய வைக்கும், அதை எதிர்பார்த்தே எடுங்கள். புதிர் கெட்டியாக இருக்க வேண்டும், காதல் ஓரமாக இருந்தால் போதும் என்றால் ராஜேஷ்குமாரின் விவேக். இங்கே ரூபலா மனைவி, அதனால் ‘சேர்வார்களா’ என்ற கேள்வியே கிடையாது. காபி டம்ளருக்கு நடுவே நடக்கும் தாம்பத்தியக் கிண்டல்தான் இளைப்பாறல். இரண்டும் சம அளவில், அதோடு கொஞ்சம் அடிதடியும் வேண்டுமென்றால் நரேந்திரன்–வைஜெயந்தி.

காதல் துளியும் வேண்டாம், வீட்டில் பத்து வயதுப் பிள்ளையும் படிக்க வேண்டும் என்றால் பின்னோக்கிப் போங்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே துப்பறிவார், நடை தெளிவு, வாக்கியங்கள் சின்னவை. தேவனின் துப்பறியும் சாம்பு இன்னும் பொருத்தம். நாற்பதைத் தொட்ட, எல்லாரும் அசடு என்று ஒதுக்கிய ஒரு பாங்கு குமாஸ்தா தவறுதலாகச் செய்யும் காரியம் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்துவிடும், இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதைமை என்று நம்பிவிடுவார். சிறுகதைகளாக இருப்பதால் ஒரு நாளைக்கு ஒன்று வீதம் படிக்கலாம். ஆனால் வரிசை மாற்றாதீர்கள். சாம்புவின் புகழ் ஏறுவதும், வேம்புவோடு கல்யாணம் ஆவதும் படிப்படியாக நடக்கின்றன.

சுஜாதாவின் கணேஷ்–வசந்த் (வக்கீலும் அவருடைய ஜூனியரும்) பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தப்பாகத் தொடங்குவது இங்கேதான். கணேஷ் முதலில் வருவது 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ தொடரில். ‘முதல் கதையிலிருந்து வரிசையாக’ என்று சபதம் எடுத்து அதைத் திறந்தால் ஏமாற்றம் நிச்சயம். நாவல் அருமைதான், ஆனால் கணேஷுக்கு அதில் இடம் கொஞ்சம். வசந்த் கிடையவே கிடையாது. ஆரம்பக் கதைகளில் கணேஷ் தனி ஆள். ‘அனிதா இளம் மனைவி’யில் டெல்லியில் வக்கீலாக இருக்கிறார். வசந்த் வந்து சேர்வது ‘ப்ரியா’வில். ஆகவே ‘ப்ரியா’வில் தொடங்குங்கள். படம் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, நாவல் நடப்பது லண்டனில், சினிமாவோடு ஒப்பிடவே தோன்றாது. அதன்பின் இரண்டு மூன்று நாவல்கள் படித்து வசந்த் கணேஷைக் கூப்பிடும் ‘பாஸ்’ பழகிய பிறகு ‘கொலையுதிர் காலம்’ எடுங்கள். பேயா, விஞ்ஞானமா என்ற இழுபறிதான் அதன் உயிர். இருவரில் யார் எந்தப் பக்கம் சாய்வார் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அந்த இழுபறி ருசிக்கும். கணேஷ் தனியாக வந்த பழைய கதைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பைப் பாதியில் நினைவு வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். ‘அனிதா இளம் மனைவி’ வேறு, ‘அனிதாவின் காதல்கள்’ வேறு. ‘சுஜாதாவோட அனிதா’ என்று கேட்டு மாற்றி வாங்கி வருகிறவர்கள் உண்டு.

வரிசை எவ்வளவு முக்கியம்? வழக்கைப் பொறுத்தவரை முக்கியமே இல்லை. ஒவ்வொரு நாவலும் தனக்குள்ளேயே முடிந்துவிடும். வரிசை தேவைப்படுவது உறவுக்கும், திரும்பத் திரும்ப வரும் விளையாட்டுகளுக்கும்தான். வசந்த் ‘மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்’ சொல்லத் தொடங்குவதும் கணேஷ் வாயை அடைப்பதும் ஒரே கதையில் படித்தால் ஒன்றுமில்லை. நாலாவது கதையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் தானாகச் சிரிப்பு வரும். ஆகவே ஒரு ஜோடியில் குறைந்தது மூன்று கதைகள் படித்த பிறகுதான் பிடிக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.

புத்தகத்தில் போட்டிருக்கும் ‘முதற்பதிப்பு’ ஆண்டை நம்பி வரிசை போடாதீர்கள். அது பல சமயம் அந்தப் பதிப்பகம் வெளியிட்ட முதல் பதிப்பு மட்டுமே. கதை அதற்கு இருபது, முப்பது ஆண்டு முன்னால் வாரப் பத்திரிகையில் வந்திருக்கும். கதைக்குள்ளேயே காலம் தெரியும், தொலைபேசியைப் பாருங்கள். டிரங்க் கால் (எக்ஸ்சேஞ்ச் மூலம் வெளியூர் அழைப்பு) புக் செய்துவிட்டுக் காத்திருந்தால் எழுபதுகள் அல்லது எண்பதுகளின் தொடக்கம். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடினால் எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் வரை. பேஜர் வந்தால் தொண்ணூறுகளின் நடுவிலும் பிற்பாதியிலும். எல்லார் கையிலும் செல்போன் என்றால் 2000க்குப் பின். இது வெறும் ஆராய்ச்சி இல்லை. ‘அவள் ஏன் உடனே போன் செய்து எச்சரிக்கவில்லை’ என்று கதையில் ஓட்டை கண்டுபிடிக்கும் முன் அந்த வருடத்தில் அது முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி ஓட்டைகள் அங்கேயே அடைந்துவிடும்.

இனி படிக்கும் விதம். நூறு பக்கச் சொச்சம் உள்ள மாத நாவல் நிதானமாகப் படித்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய சரக்கு அது. சென்னையிலிருந்து விழுப்புரம் தாண்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்ற கணக்கில்தான் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். வாரத் தொடராக வந்த நாவல் வேறு ஜாதி. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வாரம் வாசகரைத் தொங்கவிடும்படி எழுதப்பட்டது. அதை மொத்தமாக விழுங்கினால் ஏழாவது எட்டாவது திடுக்கிடலுக்கு மேல் எதுவும் திடுக்கிட வைக்காது, ‘சும்மா இழுக்கிறார்’ என்று அலுத்துவிடும். நாளொன்றுக்கு மூன்று அத்தியாயம், அதிகபட்சம் நான்கு. மூன்றாவதன் கடைசி வரியில் நிறுத்துவது கஷ்டம்தான். அந்தக் கஷ்டம்தான் தொடரின் சுகமே.

ராஜேஷ்குமாரை முதல்முறை படிக்கிறவர்கள் தடுமாறுவது இரட்டைத் தடத்தில். ஓர் அத்தியாயத்தில் கோவையில் ஒரு குடும்பம், அடுத்ததில் சம்பந்தமே இல்லாத வேறு ஊரில் வேறு ஆட்கள், மறுபடி கோவை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் இரண்டும் முட்டும். ஐந்தாவது அத்தியாயத்துக்குள் பெயர்கள் குழம்பிவிடும். ஓர் அரைத்தாளை நீளவாட்டில் மடித்துப் பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். இடது பாதியில் ஒற்றைப்படை அத்தியாயங்களின் பெயர்கள், வலது பாதியில் இரட்டைப்படை. பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: ‘டாக்டர்’, ‘மாமனார்’, ‘கடன்’. அதற்கு மேல் எழுதினால் படிப்பு வேலையாகிவிடும். இரண்டு பக்கமும் பொதுவாக ஓர் ஊரோ தொழிலோ வண்டியோ தென்பட்டால் கீழே கோடு போடுங்கள். முடிச்சு அநேகமாக அங்கேதான் இருக்கும்.

கொலையாளியை ஊகிக்கும் விளையாட்டை எல்லாக் கதைகளிலும் ஆடாதீர்கள். மாத நாவல்களில் வேகத்துக்காகத் துப்பைச் சரியாக வைக்காமல் விட்டதும் உண்டு. முக்கால் பங்கு முடிந்தபின் முதல்முறையாக நுழையும் ஆள் கொலையாளி என்றால் தோற்றது நீங்கள் இல்லை, ஆசிரியர். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் எல்லாச் சந்தேக ஆட்களும் வந்துவிட்டார்களா என்று அரைத்தாளில் பாருங்கள். வந்திருந்தால் பாதியில் நிறுத்தி ஒரு பெயரை எழுதுங்கள். வராவிட்டால் ஜோடியின் வம்பளப்பை ரசித்துக்கொண்டே போய்விடுங்கள்.

பழைய பிரதி வாங்குவது தனிக் கலை. நடு மடிப்பில் பின் அடித்த மாத நாவல் என்றால் முதலில் பின்னைப் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் தாள் கழன்றிருக்கும். நடுத்தாள் போனால் அடுத்தடுத்து நான்கு பக்கங்கள் காணாமல் போகும், அது சட்டென்று தெரிந்துவிடும். ஆபத்து வெளித்தாளில். அது போனால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பக்கங்கள் போகும். முன்னால் போவது பெரும்பாலும் விளம்பரமும் ஆசிரியர் கடிதமும், பின்னால் போவது கொலையாளியின் பெயர். எனவே முதல் பக்க எண்ணையும் கடைசிப் பக்க எண்ணையும் பாருங்கள், கடைசி வரியை மட்டும் பாருங்கள் (முழுப் பக்கத்தையும் படித்துவிடாதீர்கள்), ‘முற்றும்’ இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒரே இதழில் இரண்டு நாவல்கள் வந்திருந்தால் முதல் கதையின் ‘முற்றும்’ நடுவிலேயே வந்துவிடும், அதையும் கவனியுங்கள்.

பத்திரிகையிலிருந்து கிழித்து வீட்டில் பைண்டிங் செய்த தொடர் கிடைத்தால் விடாதீர்கள், ஓவியங்களோடு வரும். மூன்று இடங்களில் சோதியுங்கள். ஒன்று, அத்தியாய எண்கள் விடாமல் வருகின்றனவா. ஒரு வாரம் பத்திரிகை வாங்காமல் விட்டிருந்தால் ஓர் எண் குறையும். இரண்டு, பைண்டர் கத்தி போட்டபோது ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கின்றனவா. மூன்று, ‘தொடர்ச்சி இத்தனையாம் பக்கம்’ என்று முடியும் இடங்கள். அந்த மீதித் துண்டு வேறொரு பக்கத்தின் மூலையில் இருந்திருக்கும், கிழித்தவர் அதை மறந்திருப்பார். நாலைந்து அத்தியாயங்களில் அப்படி இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

மின்னூலில் இந்தத் தொல்லைகள் இல்லை, வேறு தொல்லை உண்டு. கிண்டிலிலோ புஸ்தகாவிலோ ஒரே கோப்பில் இரண்டு நாவல்கள் அடைத்து விற்பதுண்டு. அறுபது சதவீதத்தில் கதை முடிந்தால் பதறாதீர்கள். பொருளடக்கத்தை முதலிலேயே திறந்து பார்த்தால் போதும். எழுத்துப் பிழைகளை மாதிரிப் பக்கங்களிலேயே கண்டுகொள்ளலாம். அச்சுப் பிரதியை எந்திரத்தால் வாசித்து மாற்றியதில் ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறியிருந்தால் அந்தப் பதிப்பு வேண்டாம்.

காதல் மட்டும் போதும், கொலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு விஷயம். ரமணிசந்திரன் வகையறா நாவல்களில் தொடர் வரிசை தேடாதீர்கள். அங்கே ஒரு புத்தகம், ஒரு ஜோடி, ஒரு கல்யாணம், கதை முடிந்தது. எதை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம், ஆனால் அடுத்தடுத்து மூன்று படித்தால் நாயகர்கள் ஒருவரோடொருவர் கலந்துவிடுவார்கள். நடுவில் ஒரு பரத்–சுசீலாவைச் செருகுங்கள். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளுக்கு ஆளுக்கொரு பாகம் என்று எழுதுகிறவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். பிரதிலிபி போன்ற செயலிகளில் படிப்பதானால் முதல் அத்தியாயத்தைத் தொடுமுன் கதை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். கடைசி அத்தியாயம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்து, கீழே வாசகர்கள் ‘அடுத்த பாகம் எப்போ சிஸ்’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கல்யாணம் நடக்கப்போவதில்லை.