ராணுவ மருத்துவரின் பணிப்பதிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளைஞர் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்தார். "1919-ல் ராணுவத்தை விட்டு விலகி, கடலூரில் அரசு மருத்துவரானார்" என்று இரண்டாம் பத்தியில் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன் நான் எழுதிய வாக்கியமும் ஏறக்குறைய இதேதான். பழைய மருத்துவர்களின் பணிப்பதிவுகளைப் புரட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். பெயர் எழுத்து மாறுவது, தேதி பிசகுவது எல்லாம் யாராவது சொன்னால் திருத்திக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது அப்படித் திருந்தாத தவறுகள்.

"விலகிவிட்டார்" என்று எழுதுவது

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இருந்த ஐ.எம்.எஸ். என்னும் இந்திய மருத்துவப் பணி அடிப்படையில் ராணுவப் பணி. வங்காளம், சென்னை, பம்பாய் என்று தனித்தனியாக இருந்தவை 1896-ல் ஒன்றாயின. தேர்வாகி வந்தவர் முதலில் படைப்பிரிவில் வேலை பார்ப்பார். சில ஆண்டுகள் கழித்து விருப்பம் தெரிவித்தால் மாவட்ட மருத்துவமனை, சிறை, மருத்துவக் கல்லூரி, ஆய்வுக்கூடம் என்று எங்காவது அனுப்புவார்கள். சம்பளம் மாகாண அரசு கொடுக்கும். ஆனால் அவருடைய ராணுவ நியமனம் அப்படியே இருக்கும், பதவி உயர்வும் வரிசைப்படி வரும். போர் வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டிய கையிருப்பு அவர். அமைதிக் காலத்தில் இத்தனை மருத்துவர்களை முகாமில் சும்மா வைத்திருக்க முடியாது. திடீரென்று போர் மூண்டால் தேடிப் பிடிக்கவும் முடியாது. அதற்குக் கண்ட வழி இது.

1914-ல் அவர்களைத் திரும்ப அழைத்தார்கள். அப்படியும் போதவில்லை. மெசபடோமியாவில் காயம்பட்டவர்கள் கவனிப்பில்லாமல் படகுகளில் கிடந்த கொடுமையை 1917-ல் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. போர் முடிந்ததும் ராணுவம் இந்தக் கையிருப்பை விட மறுத்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். 1919 இந்திய அரசுச் சட்டப்படி மருத்துவத் துறை மாகாண அமைச்சர்கள் கைக்குப் போன பிறகும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஐ.எம்.எஸ். அதிகாரிகளுக்கு இடம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்று மாகாணங்களைக் கட்டிப்போட்டார்கள். இங்கே படித்துத் தகுதி பெற்ற மருத்துவர்களுக்கு மேல் பதவிகள் எட்டாமல் போயின. அவர்களுடைய கோபம் நியாயமானது. "விலகினார்" என்று ஒரு சொல்லைப் போட்டால் இந்த வரலாறு முழுக்க மறைந்துபோகிறது.

நான் செய்தது என்ன? ஒரு மருத்துவமனை நூற்றாண்டு விழாவுக்குக் குறிப்பு கேட்டார்கள். மாகாண அரசு அதிகாரிகளின் பெயர்கள் இருக்கும் சிவில் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, "படையிலிருந்து விலகி இங்கே பொறுப்பேற்றார்" என்று எழுதிக் கொடுத்தேன். கறுப்புக் கல்லில் செதுக்கிச் சுவரில் பதித்துவிட்டார்கள். விழா முடிந்து மூன்று மாதம் கழித்து அந்த மருத்துவரின் பேத்தி ஒரு பழுப்பு உறை கொண்டுவந்தார். உள்ளே மடிப்பில் கிழிந்த ஒரு தந்தி, 1939 செப்டம்பர் தேதி. உடனே ராணுவப் பணிக்கு வந்து சேரச் சொல்லும் உத்தரவு. விலகிய ஆளுக்கு அப்படி உத்தரவு வராது. "தாத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்ததாம்" என்றார் அந்த அம்மா. கல்லை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினேன். இன்னமும் அதே கல்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ராணுவ அதிகாரிகளின் பெயர்கள் இருக்கும் ராணுவப் பட்டியலையும் சிவில் பட்டியலையும் ஒரே ஆண்டுக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பெயர் இருந்தால் அவர் விலகவில்லை.

கர்னல் என்றால் படை நடத்தியவர் இல்லை

ஐ.எம்.எஸ். மருத்துவர்களுக்கு லெப்டினன்ட் கர்னல் வரை பணியாண்டுக் கணக்கில் பட்டம் வரும். எழும்பூர் கண் மருத்துவமனையில் இருந்த ஆர்.இ. ரைட்டும், குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி செய்த ராபர்ட் மெக்காரிசனும் ராணுவப் பட்டத்தோடு இருந்த மருத்துவர்கள்தான்.

ஐ.எம்.டி. வேறு

இந்திய மருத்துவத் துறை எனப்பட்ட ஐ.எம்.டி.யில் இருந்த சப் அசிஸ்டென்ட் சர்ஜன்களுக்கு ஜமேதார், சுபேதார் பட்டங்கள் உண்டு. சுபேதார் என்று பார்த்ததும் காலாட்படையில் சேர்த்துவிடாதீர்கள்.

எல்லாப் பதக்கமும் முதல் உலகப் போர் பதக்கம் இல்லை

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அமைதி நிலவியது என்று நாம் நினைப்பதால் வரும் பிழை இது. 1919-ல் மூன்றாம் ஆப்கன் போர், தொடர்ந்து வஜீரிஸ்தான், மறுபடி 1936-37-ல் வடமேற்கு எல்லை. மருத்துவர்கள் அங்கெல்லாம் போனார்கள். ஒரு வீட்டில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த பதக்கத்தைக் காட்டினார்கள். "ஜெர்மன் சண்டையில் வாங்கியது" என்றார்கள். ரிப்பனுக்குக் கீழே இருந்த வெள்ளிப் பட்டையை உருப்பெருக்கியில் பார்த்தேன்: வஜீரிஸ்தான் 1921-24. விளிம்பைத் திருப்பினால் பொடி எழுத்தில் பெயரும் பட்டமும் இருந்தன. முதலில் பட்டையைப் படியுங்கள், அப்புறம் குடும்பக் கதையைக் கேளுங்கள்.

ஏ.எம்.சி.

இன்று ஏ.எம்.சி. என்று சொல்லப்படும் ராணுவ மருத்துவப் படை, இந்திய ராணுவ மருத்துவப் படை என்ற பெயரில் 1943 ஏப்ரல் 3-ல் உருவானது. அதற்கு முன் யாருக்கும் அந்தப் பெயரைப் போடாதீர்கள்.

தற்காலிக நியமனத்தைக் கவனிக்காமல் விடுவது

முதல் உலகப் போரில் ஆள் போதாமல் தனியார் மருத்துவர்கள் பலருக்கு ஐ.எம்.எஸ்.ஸில் தற்காலிக நியமனம் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவர்களில் மிகப் பலர் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு "விலகினார்" என்று எழுதுவதே சரி. பட்டத்துக்கு முன்னால் "தற்காலிக" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த இளைஞரின் கொள்ளுத்தாத்தா எந்த வகை என்று இன்னும் தெரியவில்லை. 1921-ஆம் ஆண்டு ராணுவப் பட்டியலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பெயர் இருந்தால் அந்த வாக்கியத்தை அடிக்க வேண்டும். புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.